ரெண்டு விரல் தளர்வு

கம்பெனி அந்தக் கருவிக்கு வைத்த பேர் ஒரு முழ நீளம், யார் வாயிலும் நுழையவில்லை. தொடையில் ஒட்டிக்கொண்டு கிடந்ததால் பெண்கள் வார்டில் அதைப் பல்லி என்று கூப்பிட்டார்கள். வலது தொடையில் விழுந்தால் என்ன பலன், இடது தொடையில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தைப் புரட்டாத குறைதான். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களுக்குச் சிரிக்க ஒரு சாக்கு கிடைத்தால் விடுவார்களா?

திருநெல்வேலிப் பக்கம், முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கான ஆஸ்பத்திரி அது. பெண்கள் வார்டில் பன்னிரண்டு கட்டில். எல்லாருக்கும் மூத்திரம் போக டியூப். அதன் ஒரு முனை உள்ளே சிறுநீர்ப்பையில் இருக்கும், நழுவாமல் இருக்க அங்கே தண்ணீர் நிரப்பிய சின்ன பலூன். மறுமுனை கட்டிலுக்குக் கீழே தொங்கும் பையில். நடுவே தொடையில் ஒரு பிடிப்பு வேண்டும். அது இல்லாவிட்டால், பையை யாராவது காலால் இடறினால்கூட இழுப்பு நேரே உள்ளே போய்ச் சேரும். பலூன் சுருங்காமல் அப்படியே உள்ளே கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

இன்சார்ஜ் சிஸ்டர் எமல்டா புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

"டியூப் போடத் தெரிஞ்சவ ஊர் பூரா இருக்கா. அத ஒட்டத் தெரிஞ்சவளத்தான் காணோம். முதல்ல தோல்ல ஒரு பிளாஸ்டர். ரெண்டாவது பிளாஸ்டர் டியூபச் சுத்திவந்து முதல் பிளாஸ்டர் மேலயே ஒட்டணும். ரெண்டு விரல் தளர்வு விடணும், இல்லன்னா கால மடக்கையில இழுக்கும். இன்னைக்கி வலது தொடைன்னா நாளைக்கி இடது. ஒரே எடத்துல ஒட்டினா தோலு உரிஞ்சிரும்."

பல்லி வந்தபிறகு பிளாஸ்டர் வேலை போய்விட்டது. உள்ளங்கை அகலத்தில் ரப்பர், அதற்குள் மயிரிழை மாதிரி நூல்கள். நோயாளி புரண்டால் தளர்வு கொடுக்கும், இழுப்பு வந்தால் இறுக்கிப் பிடிக்கும். நல்ல நர்ஸ் ஒருத்தி இருபத்து நாலு மணி நேரமும் பக்கத்திலேயே உட்கார்ந்து டியூபைப் பிடித்துக்கொண்டிருந்தால் எப்படியோ, அப்படி.

அந்த நல்ல நர்ஸ் எமல்டாதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனிக்காரர்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, கடைசியில் அவள் கைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். எட்டு மாதம் மெல்லிய கையுறை ஒன்றை மாட்டிக்கொண்டு வேலை பார்த்தாள். எந்த விரல் எவ்வளவு அழுத்துகிறது, எப்போது விடுகிறது என்று கையுறை எல்லாவற்றையும் குறித்துக்கொண்டது. இன்றைக்கு எந்தெந்த ஊரிலோ யார் யார் தொடையிலோ இருப்பது எமல்டாவின் கைப்பக்குவம். கிறிஸ்துமஸுக்குத் தூத்துக்குடி போனால் அண்ணன் வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லியே பூரித்துப் போவார்கள். அவள் மட்டும் பேச்சை மாற்றிவிடுவாள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் புதுப் பல்லி வந்தது. நூல்கள் இன்னும் நுணுக்கமாம். வந்த அன்று மத்தியானமே மூன்றாம் கட்டில் கணக்கு டீச்சர் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், யாரோ ரெண்டு விரலால தொட்டுப் பாக்காங்க. குனிஞ்சு பாத்தா ஆளில்ல."

இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை வந்தது. முதலில் டியூப் சேருமிடத்தில் மெல்லத் தொடும். டியூப் வழியாக வருடிக்கொண்டு கீழே போகும். இழுக்கிறதா என்று ஒரு சின்னச் சுண்டு சுண்டிப் பார்க்கும். அதோடு நின்றிருந்தால் யாரும் பயந்திருக்க மாட்டார்கள். கடைசியில் பல்லி நடுங்கும். அழுது ஓய்ந்த பிள்ளைக்கு விக்கல் எடுப்பது போல நாலைந்து தரம் நடுங்கிவிட்டு அடங்கும். காலில் உணர்ச்சி உள்ளவர்களுக்கு அது தெரிந்தது. இல்லாதவர்கள் போர்வை அசைவதைப் பார்த்தார்கள். பஞ்சாங்கப் பேச்சு நின்றுபோனது. ஒன்பதாம் கட்டில் ஆச்சி தினமும் துன்னூறு பூசிக்கொண்டு படுத்தாள்.

முதல் நாளே எமல்டாவுக்குத் தெரிந்துவிட்டது. தன் கையைத் தனக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் ஆறு மாதமாக வாய் திறக்கவில்லை.

போதாக்குறைக்கு, பதினான்கு நாளைக்கு முன்னால் ஆறாம் கட்டிலுக்குச் சண்முகவடிவு வந்து சேர்ந்தாள். குறுக்குத்துறை ஆற்றுப் படியில் வழுக்கி விழுந்து முதுகில் அடி. கால் அசைக்க முடிந்தது, உணர்ச்சியும் இருந்தது, மூத்திரம்தான் தானாகப் போகவில்லை. வயது அறுபத்திரண்டு. ஒரு காலத்தில் இதே வார்டில் அட்டெண்டராக இருந்தவள், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலையைவிட்டு அனுப்பப்பட்டவள். எமல்டா அன்றிலிருந்து ஆறாம் கட்டில் பக்கமே போகவில்லை. மருந்து கொடுக்க, பல்லியைத் தொடை மாற்றி ஒட்ட, எல்லாவற்றுக்கும் சின்னப் பிள்ளைகளை அனுப்பினாள்.

இந்த நேரத்தில்தான் மெட்ராஸிலிருந்து ஹாஜிரா வந்தாள். கம்பெனியில் பல்லிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பிரிவில் வேலை. முப்பது வயசிருக்கும், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மெதுவாகப் பேசினாள். பதினொரு மணி டீ முடிந்ததும் எமல்டாவின் அறையில் உட்கார்ந்து, ஒரு துண்டைச் சுருட்டி மேசையில் வைத்து, அதன்மேல் ஒரு பல்லியை ஒட்டினாள்.

"பதினேழு ஊர்லேர்ந்து புகார் சிஸ்டர். ஒருத்தர் பயந்துபோய்ப் பிச்சு எறிஞ்சிட்டார். தஞ்சாவூர்ல ஒரு அம்மா, செத்துப்போன தங்கச்சி வந்து தொடுறான்னு சொல்றாங்க."

"எடுத்துர வேண்டியதுதான?" என்றாள் எமல்டா.

"ரெண்டு ஆஸ்பத்திரியில அந்தத் தொடறதை மட்டும் எடுத்துப் பாத்தோம். ஒரே மாசத்துல நாலு பேருக்கு டியூப் இழுத்து ரத்தம் வந்திருக்கு. அந்தத் தொட்டுப் பாக்கற வேலை ரொம்ப நல்ல வேலை சிஸ்டர். டியூப் எங்க சிக்கியிருந்தாலும் முன்கூட்டியே கண்டுபிடிச்சிடுது. ஆனா அது ஏன் வருதுன்னு எங்களுக்குத் தெரியல. காரணம் தெரியாத அசைவை நோயாளி உடம்புல விட்டுவைக்க அனுமதி கிடையாது. ஒரு வாரத்துக்குள்ள காரணம் எழுதிக் கையெழுத்து வாங்கலன்னா மொத்தமா அழிச்சிடணும்."

"நீங்கதானம்மா சொல்லிக்குடுத்திய?"

"நாங்க எதுவும் சொல்லிக்கொடுக்கல. உங்க கையைக் காட்டி, இவங்க பாத்துக்கற மாதிரி பாத்துக்கோன்னு விட்டோம். அவ்வளவுதான். பழைய பல்லிக்கு நூல் தடிமன், அதனால வெளியில தெரியல. இப்பத்தான் தெரியுது."

எமல்டா மின்விசிறியை அண்ணாந்து பார்த்தாள். "அது ஒரு பழக்கம். எங்களுக்குப் படிக்கையில சொல்லிக்குடுத்தது."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா கையுறை போட்ட முதல் நாலு மாசம் அது இல்ல சிஸ்டர். மார்ச் பத்தாம் தேதி காலையில திடீர்னு ஆரம்பிக்குது. அன்னைக்கு மட்டும் ஒரே ஷிஃப்ட்ல அறுபத்தெட்டு தடவை." ஹாஜிரா மடிக்கணினியைத் திருப்பி வைத்தாள். "கடைசியில வர்ற நடுக்கம் என்னன்னு உங்க கையிலயே தேடிப் பாத்தேன்."

திரையில் கோட்டுச் சித்திரமாக ஒரு கை. பன்னிரண்டு வருஷம் இளைய கை. டியூபைத் தொட்டது, வருடியது, சுண்டிப் பார்த்தது. பிறகு பிளாஸ்டர் ஒட்டியிருந்த வலது தொடையை விட்டுவிட்டு இடது தொடைக்குத் தாவியது. அங்கே டியூபும் இல்லை, பிளாஸ்டரும் இல்லை. கட்டைவிரலால் வெறும் தோலை அழுத்தி அழுத்தித் தேய்த்தது, எதையோ ஒட்டுகிற மாதிரி.

"பல்லியால அங்க போக முடியாதில்ல? ஒட்டின எடத்துலதான இருக்கும். போகப் பாக்குது, முடியாம நடுங்குது," என்றாள் ஹாஜிரா. மேசையில் துண்டின்மேல் இருந்த பல்லி அந்த நேரம் பார்த்து நடுங்கியது. அது அடங்கியதும் ஹாஜிரா தொடர்ந்தாள்.

"முந்தின நாள் மார்ச் ஒன்பது. பதினொன்னு பத்துக்கு, எட்டாம் கட்டில்ல, வலது தொடைப் பிளாஸ்டரை எடுக்கிறீங்க. பதினொன்னு பன்னிரண்டுக்குக் கையுறையைக் கழட்டியிருக்கீங்க. திரும்ப மாட்டினது பன்னிரண்டு மணிக்கு. எடுத்த கை இருக்கு சிஸ்டர். ஒட்டின கையைக் காணோம். எனக்குக் கையுறையில இருக்கறது மட்டும்தான் தெரியும். வேற எதுவும் தெரியாது."

"நாளைக்கிச் சொல்லுதேன்," என்று எமல்டா எழுந்துவிட்டாள்.

எட்டாம் கட்டிலில் அன்று இருந்தவள் முப்பிடாதி. பத்தொன்பது வயது. ஆட்டோ கவிழ்ந்து கழுத்தெலும்பு முறிந்து, நெஞ்சுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. வாய் மட்டும் ஓயாது. அன்றைக்கு வலது தொடைப் பிளாஸ்டரை உரித்து, துடைத்து, இடது தொடையில் ஒட்டப் போகையில் கையுறை கீச்சென்று கத்தியது. சார்ஜ் தீர்ந்துவிட்டது. உடனே சார்ஜில் போடாவிட்டால் அன்றைய பதிவெல்லாம் போய்விடும் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். "இந்தா வந்துட்டேன்," என்று முப்பிடாதியிடம் சொல்லிவிட்டுப் போனாள். வழியில் டாக்டர் பிடித்துக்கொண்டார். அதற்குள் ஸ்கேனுக்குக் கூப்பிட்டார்கள். அட்டெண்டர் வடிவு அவளைப் போர்வையோடு தூக்கி டிராலிக்கு மாற்றி, இழுத்தாள். பை கட்டிலிலேயே மாட்டியிருந்தது.

முப்பிடாதிக்கு வலிக்கவில்லை. கீழே கிழிந்ததை அவள் உடம்பு தலைவலியாகத்தான் அவளுக்குச் சொன்னது. "அக்கா, தல வெடிக்கற மாதிரி வலிக்கி," என்று ஸ்கேன் அறை வாசலில் சொல்லியிருக்கிறாள். ரத்தத்தைப் பார்த்தது அதற்குப் பிறகுதான். கிருமி ஏறி ஒன்பதாம் நாள் செத்துப்போனாள்.

விசாரணையில், பையைக் கழற்றாமல் டிராலியை இழுத்தது யார் என்று கேட்டார்கள். "நாந்தான்," என்றாள் வடிவு. தொடையில் ஒட்டியிருந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. எமல்டாவும் சொல்லவில்லை. ஒட்டியிருந்தால் இழுப்பு தொடையோடு நின்றிருக்கும். ஒட்டியிருக்கவில்லை என்பது அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

சாயங்காலம் நாலு மணிக்கு, பல்லியைத் தொடை மாற்றுகிற நேரத்தில், எமல்டா ஆறாம் கட்டிலுக்குத் தானே போனாள். திரையை இழுத்துவிட்டாள்.

"எப்படி இருக்கிய வடிவக்கா?"

"இருக்கேன் சிஸ்டர்." வடிவு கூரையைப் பார்த்தபடியே பேசினாள். தலை முழுக்க நரைத்திருந்தது. விரல் நுனியெல்லாம் காய்ப்பு. "பீடி சுத்தினேன். வேற ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேக்கமாட்டேன்னுட்டாங்க. பிள்ளையக் கொன்னவன்னு பேரு. அந்தப் பிள்ள செத்த வீட்டுக்குப் போனேன், வாசல்லயே விரட்டி விட்டாங்க."

எமல்டா போர்வையை விலக்கினாள். அவள் தொடுவதற்குள் பல்லி அசைந்தது. தொட்டது, வருடியது, சுண்டியது. பிறகு நடுங்கியது.

"இந்தக் கைய எனக்குத் தெரியும்," என்றாள் வடிவு. "அந்தப் பிள்ளைக்கு அப்படி ஆன மறுநாள்லேர்ந்து நீங்க கட்டில் கட்டிலாப் போயி இப்படித்தான் தொட்டுத் தொட்டுப் பாத்திய. நான் வாளியும் துணியுமா பின்னாலயே வந்தேன். விசாரணை முடியறவர ரெண்டு வாரம் பாத்தேன். ஒட்டாத எடத்துல கைய வச்சித் தேய்ச்சியளே, அப்பவே எனக்குப் புரிஞ்சிட்டு."

"புரிஞ்சும் ஏன் சொல்லல?"

"யாரு நம்புவா? நீங்க கம்பெனிக்காரன் தேடி வந்த கை. நான் மூத்திரப் பை தூக்கறவ." வடிவு முதன்முறையாகத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். "பதினாலு நாளா ஒரு நாளைக்கி எழுபது தடவ வந்து பாக்கிய சிஸ்டர். நேர்ல ஒரு தடவ வரல."

எமல்டா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுதால் தேவலை போலிருந்தது, அழுகை வரவில்லை. பல்லியை எடுத்து மறு தொடையில் ஒட்டினாள். காலை மடக்கச் சொல்லிச் சரிபார்த்தாள். பிறகு நேரே அறைக்குப் போனாள். ஹாஜிரா சாமான்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள்.

"உக்காரும்மா. நாளைக்கி வேண்டாம், இப்பவே எழுதிரலாம்."

தன் கைப்படவே எழுதினாள். மூன்று பக்கம் வந்தது. ஹாஜிரா வாசித்துவிட்டுத் தாள்களை அடுக்கி மேசையில் வைத்தாள்.

"சிஸ்டர், இதை ஆஸ்பத்திரிக்கும் அனுப்பியாகணும். இன்னும் கொஞ்சம் பொதுவா எழுதலாம். 'ஒரு சம்பவத்துக்குப் பிறகு'ன்னு மட்டும் போட்டாக்கூட எங்களுக்குப் போதும்."

"இருக்கட்டும். அட்டெண்டர் பேரு சண்முகவடிவுன்னு சரியா எழுதியிருக்கேனான்னு மட்டும் பாரு."

"கடைசி நடுக்கத்துக்குக் காரணம் தெரிஞ்சிட்டதால அதை மட்டும் எடுத்துடலாம். தொட்டுப் பாக்கறது இருக்கும்."

"எடுத்துரு," என்றாள் எமல்டா.

மூன்றாம் நாள் அவளை இன்சார்ஜ் பொறுப்பிலிருந்து எடுத்தார்கள். பழைய விசாரணையைத் திரும்பத் திறந்தார்கள். முடிகிறவரை வீட்டில் இரு என்று சொல்லியிருப்பார்கள், ஆள் பற்றாக்குறை, அதனால் அதே வார்டில் சாதாரண ஸ்டாஃபாக நிற்கவைத்தார்கள். நேற்றுவரை அவளுக்குப் பயந்த பிள்ளைகள் இப்போது அவள் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருந்தது. அண்ணன் போன் பண்ணி, "உனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

முப்பிடாதியின் அம்மா கழுகுமலையிலிருந்து பஸ் ஏறி வந்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று எமல்டா எதிர்பார்த்தாள். அந்த அம்மா கையைக் காட்டச் சொன்னாள். இரண்டு கைகளையும் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எதைத் தேடினாளோ தெரியவில்லை. மூன்றரை பஸ்ஸை விட்டால் அப்புறம் ராத்திரிதான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் எல்லாப் பல்லிகளிலும் நடுக்கம் நின்றது. "இப்பப் பயமா இல்ல சிஸ்டர், யாரோ நல்லவங்க வந்துட்டுப் போற மாதிரி இருக்கு," என்றாள் கணக்கு டீச்சர். எமல்டா தலையை ஆட்டினாள். அவளுடைய வலது கட்டைவிரல் அப்போது மேலங்கி மடிப்பில் எதையோ அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அங்கிப் பைக்குள் கையை விட்டுக்கொண்டாள்.

வடிவு வீட்டுக்குப் போகிற நாள் வந்தது. டியூப் இன்னும் ஒரு மாதம் இருக்க வேண்டும். பல்லி ஆஸ்பத்திரிச் சொத்து, வெளியே கொண்டுபோக முடியாது. பழையபடி பிளாஸ்டர்தான். சின்னப் பிள்ளைகளுக்கு அது பழக்கமில்லை. காலை பதினொரு மணிக்கு, தட்டில் பிளாஸ்டரும் கத்தரியும் எடுத்துக்கொண்டு எமல்டா ஆறாம் கட்டிலுக்கு வந்தாள்.

வலது தொடையிலிருந்து பல்லியை உரித்தாள். அந்த இடம் சிவந்திருந்தது. அங்கே மறுபடி ஒட்ட முடியாது. இடதில்தான் ஒட்ட வேண்டும்.

அவள் கை அப்படியே நின்றது. டியூப் பிடிப்பில்லாமல் துவண்டு கிடந்தது. பிளாஸ்டர் தட்டில் இருந்தது. வார்டில் எங்கோ ஒரு கருவி கீச்சென்று கத்தியது, யாரோ போய் அதை அணைத்தார்கள்.

"ஒட்டுங்க," என்றாள் வடிவு.

எமல்டா பிளாஸ்டரை வெட்டினாள். முதல் துண்டைத் தோலில் வைத்தாள். இரண்டாவது துண்டை டியூபைச் சுற்றிக் கொண்டுவந்து, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். விரலுக்கடியில் பிளாஸ்டர் இருந்தது. பன்னிரண்டு வருஷமாக வெறும் தோலைத் தேய்த்த விரல் அதை விட மனசில்லாமல் மறுபடி மறுபடி தேய்த்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கண் மறைத்தாலும் ரெண்டு விரல் தளர்வு விட மறக்கவில்லை.

"கால மடக்குங்க வடிவக்கா."

வடிவு மெல்ல மடக்கினாள். இழுக்கவில்லை.

"நான் மன்னிச்சிட்டேன்னு நெனச்சிராதிய," என்றாள் வடிவு. "எனக்கு அதுக்கெல்லாம் தெம்பில்ல. ஒண்ணு மட்டும் கேக்கணும். இப்ப இதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சி?"

எமல்டா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஒரு நிமிஷம்."

"ஒரு நிமிஷந்தானா," என்றாள் வடிவு.

அட்டெண்டர் டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்து கட்டிலோடு சேர்த்து நிறுத்தினாள். கீழே ஆம்புலன்ஸ் நிற்கிறது, சீக்கிரம் என்றாள். போர்வையோடு தூக்கி மாற்றினார்கள். டிராலியின் பிரேக்கை அட்டெண்டர் எடுக்கப்போன அந்த நொடியில், கட்டிலில் மாட்டியிருந்த பையைக் கழற்ற எமல்டாவின் கையும் வடிவின் கையும் ஒன்றாக நீண்டன.